மிச்சம் யாருக்கு?

"மோட்டாரை வச்சு ஜெனரேட்டரை ஓட்டுறோம். ஜெனரேட்டர்ல வர்ற கரண்ட்டைத் திரும்ப அதே மோட்டாருக்கே குடுக்குறோம். ஆரம்பத்துல மட்டும் சோலார்ல ஒரு தள்ளு. அப்புறம் அது பாட்டுக்கு ராத்திரியிலயும் ஓடணும் இல்ல?"

சித்தப்பா இதைக் கேட்டபோது நாங்கள் போர்செட் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தோம். புதுச்சத்திரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். கிழக்கே நாலு கிலோமீட்டரில் கடல். அண்ணாமலை நகரில் மின் பொறியியல் படித்துவிட்டு சென்னையில் மோட்டார் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன் என்பதால், ஊரில் மின்சாரம் சம்பந்தமான எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில்.

ஒரு குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினேன். நல்ல சின்ன மோட்டார் நூறு கொடுத்தால் எண்பது திருப்பித் தரும். ஜெனரேட்டரும் அப்படித்தான். ஆக ஒரு சுற்று போய் வந்தால் 100 என்பது 64 ஆகிவிடும். அடுத்த சுற்றில் 41. அதற்கடுத்து 26. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

"மீதி எங்க போவுது?"

"சூடா போயிடுது."

"அப்ப எதுவும் முழுசா திரும்பி வராது?"

"வராது."

அவர் சிரித்தார். "குடும்பத்துக்கு செய்யுற மாதிரிதான்னு சொல்லு."

அந்தச் சிரிப்பு அடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் செய்த ஒரு சின்ன வேலையைப் பற்றி எனக்குள் ஒரு கேள்வி அன்றிலிருந்து வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

முதலில் சித்தப்பாவின் இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். ஆனால் இலவசம் என்பதால் நினைத்த நேரத்துக்குக் கிடைத்துவிடாது. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் வந்தால் ஒரு மணிக்கு எழுந்து போக வேண்டும். என் சின்ன வயதில் பார்த்த சித்தப்பா என்றால் லுங்கியை மடித்துக் கட்டி, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி, வரப்பில் நடந்துபோகும் ஒரு முதுகுதான். சித்தி அவர் திரும்பி வரும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாள். எங்கள் பக்கம் பாம்பு கடித்துச் செத்தவர்கள் எல்லார் வீட்டுக் கதையிலும் ஒருவராவது உண்டு. பாதிப் பேர் தண்ணீர் கட்டப் போனவர்கள்.

அதனால் சோலார் பம்பு வந்தபோது அது எங்களுக்கு வெறும் மானியத் திட்டமாகத் தெரியவில்லை. 2019-இல் மத்திய அரசு 'பிஎம்-குசும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து விலையில் பாதிக்கு மேல் கொடுத்துவிடும். சித்தப்பா மீதியைப் புரட்டி, 5 எச்.பி. மோட்டாரும் அதற்கு 4,800 வாட் பேனலும் போட்டார். முதல் நாள் காலை ஒன்பது மணி வெயிலில் பைப்பு வாயில் தண்ணீர் வந்து விழுந்தபோது சித்தி சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே இந்த மனுசன் ராத்திரி தூங்குவாரு."

இதைச் சொல்லாமல் மேற்கொண்டு நான் சொல்லப்போவதைச் சொன்னால் அது திமிர். நல்ல இயந்திரம் ஒன்று ஒரு வீட்டுக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும். அதை வைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிறவன் அந்தத் திண்ணையில் ஒரு ராத்திரியாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

*

அந்த வருஷம் சித்திரையில் லீவுக்கு வந்தேன். சித்தப்பா, "தண்ணி மத்தியானத்துல கம்மியா வருதுடா, வெயில் ஏற ஏற கூடத்தானே வரணும்?" என்றார். இதுதான் எனக்குப் பிடித்தமான வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பேனலின் திறனை ஆய்வகத்தில் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கிறார்கள். கத்திரி வெயிலில் எங்கள் ஊர்ப் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். 35 டிகிரி கூடினால் 14 சதவீதம் போச்சு. 4,800 வாட்டில் கிட்டத்தட்ட 670 வாட். சூரியன் கொடுப்பதை சூரியனே பிடுங்கிக்கொள்கிறது. அடியில் காற்று புகுந்து போக இடம் விட்டால் கொஞ்சம் தணியும். பேனலுக்குக் கீழே சித்தப்பா அடுக்கி வைத்திருந்த விறகையும் சாக்கையும் அப்புறப்படுத்தினோம். உப்புக் காற்றும் புழுதியும் சேர்ந்து படிந்திருந்ததை விடியற்காலையில் தண்ணீர் விட்டுத் துடைத்தோம்.

அடுத்து பைப்பு. அறுபத்து மூணு மில்லி பைப்பு போட்டிருந்தார்கள். ஒரே அளவு தண்ணீரைத் தள்ளும்போது பைப்பின் உராய்வு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறும். அதாவது 63-ஐ எடுத்துவிட்டு 75 மில்லி போட்டால் உராய்வு பாதிக்கும் கீழே இறங்கும். போட்டோம். பேனல் நிற்கும் சட்டம் திருப்பக்கூடியது. ஆனால் பொருத்திய நாளிலிருந்து யாரும் திருப்பியதில்லை. காலையில் கிழக்கே, உச்சிப்பொழுதில் நேராக, பிற்பகலில் மேற்கே என்று மூன்று வேளை திருப்பச் சொல்லிக் கொடுத்தேன். "மாட்டை நிழல் மாத்திக் கட்டுற மாதிரி" என்று சித்தப்பா உடனே பிடித்துக்கொண்டார்.

இருநூறு லிட்டர் டிரம்மை வைத்து அளந்தோம். முன்பு நிரம்ப முப்பது விநாடி. இப்போது இருபத்தைந்து. காலையில் சீக்கிரம் தொடங்கி மாலையில் தாமதமாக நிற்பதையும் சேர்த்தால், ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கூடுதல். பெரிய செலவில்லை. புது எரிபொருள் இல்லை. புகை இல்லை. அன்று ராத்திரி எனக்கு வந்த சந்தோஷம் என் உத்தியோகத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் 'பயனுறுதிறன்' என்று பெயர். கொடுத்த ஆற்றலில் எவ்வளவு பயனானது என்ற விகிதம். மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு. பரீட்சைக்காக எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். மேலே இருக்கும் 'பயன்' யாருடைய பயன் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. புத்தகமும் கேட்கவில்லை.

*

அடுத்த தை மாதம் ஊருக்குப் போனபோது நிலம் வேறு மாதிரி இருந்தது. வழக்கமாக சம்பா அறுத்ததும் சித்தப்பா மணிலா போடுவார், கொஞ்சம் உளுந்து தெளிப்பார். இந்தத் தடவை நவரை நெல். முழுக்கப் பச்சை.

"தண்ணிதான் இருக்குதே, சும்மா வுடுவாங்களா?"

அவர் சொன்னதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை. கூடுதலாக வந்த தண்ணீருக்குக் கூடுதல் செலவு இல்லை. செலவில்லாமல் வருவதைப் பயன்படுத்தாமல் விட்டால் அதற்குப் பெயர் வீண்.

1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நிலக்கரியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இயந்திரங்கள் சிக்கனமானால் நிலக்கரி மிச்சமாகும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் அது குழப்பமான நம்பிக்கை என்றார். ஸ்காட்லாந்து இரும்பு உலைகளை எடுத்துக்காட்டினார். ஒரு டன் இரும்புக்குத் தேவையான நிலக்கரி பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1830-க்கும் 1863-க்கும் இடையில் மொத்த நிலக்கரிச் செலவு பத்து மடங்கு ஆனது. சிக்கனமானதால்தான் மலிவானது, மலிவானதால்தான் எல்லாரும் இரும்பு காய்ச்சினார்கள்.

கல்லூரியில் இதைப் படித்தபோது யாரோ தூரதேசத்து முதலாளிகளின் பேராசைக் கதை என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தபோது அதில் பேராசை எதுவும் இல்லை. தங்கச்சியின் காலேஜ் ஃபீஸ் இருந்தது.

*

பக்கத்து மனையில் ஒரு அத்தை இருக்கிறார். சொந்தம் இல்லை, முறைக்கு அத்தை. புருஷன் போய் ரொம்ப நாளாயிற்று. ஒரு பசு, நாலு ஆடு, வீட்டுப் பின்னால் ஒரு அடிபம்பு. அந்த வருஷம் வைகாசியில் அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "உப்பு கூடப் போட்டுட்டீங்க அத்தே" என்றேன்.

"உப்பே போடலையே கண்ணு. தண்ணிதான் கரிக்குது."

கடலோர நிலத்தடி நீரின் கணக்கு ரொம்ப நுட்பமானது. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் லேசு. அதனால் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், அது கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம்வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டச்சுக்காரரும், கொஞ்சம் பின்னால் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த கணக்கு இது. இதைத் திருப்பிப் போட்டுப் படித்தால்தான் பயம் வரும். மேலே ஒரு மீட்டர் இறக்கினால், கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறிவர இடம் கிடைக்கும்.

அத்தையின் தண்ணீர் கரித்ததற்கு சித்தப்பாவின் மோட்டார்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த வருஷம் மழை குறைவு. சுற்றிலும் எத்தனையோ போர் ஓடுகிறது. ஒரு தோட்டாவுக்கும் ஒரு காயத்துக்கும் உள்ள நேரடி உறவு இங்கே கிடையாது. நிரூபிக்க முடியாது என்பதாலேயே நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த எண் ஒன்று இருந்தது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அது என் கையால் அளந்தது.

அத்தையிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உங்க சித்தப்பா என் தண்ணிய எடுத்துட்டாருன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? பூமிக்கு அடியில வரப்பா போட்டிருக்கு?"

அடியில் வரப்பு இல்லை. சட்டத்தின் கண்ணில் நிலத்துக்காரர் போர் போட்டால் வரும் தண்ணீர் அவருடையது. பூமியின் கண்ணில் அது யாருடைய மனையிலும் நிற்பதில்லை.

*

இந்த இடத்தில் சித்தப்பா தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை அவரைவிட நான் நன்றாகச் சொல்வேன், ஏனென்றால் அது எனக்கெதிரான வாதம்.

எங்களுக்கு மேற்கே நெய்வேலி. 1956-இல் நிறுவனம் தொடங்கியது, 1962-இல் மின் உற்பத்தி. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஒரு நீர்த்தேக்கம். அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து தண்ணீர் பீறிடும். அதனால் அறுபது வருஷங்களுக்கு மேலாக இரவும் பகலும் அங்கே பம்புகள் ஓடுகின்றன. எடுக்கிற தண்ணீரில் ஒரு பகுதி பாசனத்துக்கும் வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்த இறைப்பின் முன்னால் 5 எச்.பி. எம்மாத்திரம்?

தெற்கே காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் ஏரி. சோழர் காலத்தில் வெட்டியது. 2004-இலிருந்து அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 230 கிலோமீட்டர் பைப்பில் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. நான் குளிப்பது அந்தத் தண்ணீரில்தான். ஷவரைத் திறந்துவிட்டு பல் தேய்க்கிற ஒருவன், ரயிலேறி வந்து சித்தப்பாவுக்கு நிலத்தடி நீர் பற்றிப் பாடம் எடுப்பதா?

நியாயமான கேள்வி. பெரிய கைகள் எடுப்பதைப் பற்றிப் பேசாமல் சின்னக் கைகளிடம் மட்டும் கட்டுப்பாட்டைக் கேட்பது அறம் ஆகாது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. நெய்வேலியின் பம்பைக் காட்டி சித்தப்பா தப்பித்துக்கொள்ளலாம், சித்தப்பாவின் பம்பைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ளலாம். அத்தை யாரைக் காட்டுவது? வரிசையில் கடைசியாக நிற்பவருக்குக் கை நீட்ட ஆள் கிடையாது. அவருடைய அடிபம்பில் எந்தப் பயனுறுதிறன் கணக்கும் இல்லை. கையால் அடிக்கிற அளவுதான் தண்ணீர். ஒருநாளும் அவர் தன் தேவைக்கு மேல் எடுத்ததில்லை. எடுக்க முடியாது.

ஏற்றமும் கவலையும் இருந்த காலத்தை எண்ணி ஏங்குகிற ஆள் இல்லை நான். ஏற்றம் மிதித்தவர்களின் கால் எப்படி இருந்தது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கருவிகளுக்குள் ஒரு 'போதும்' இருந்தது. ஆள் களைத்தால் நின்றது, மாடு படுத்தால் நின்றது. பின்னால் மின்வெட்டு ஒரு கெட்ட 'போதும்' ஆக வந்தது. நாங்கள் அதையும் நீக்கினோம். நீக்க வேண்டியதுதான். இயந்திரத்துக்குள்ளிருந்து எடுத்த 'போதும்' என்பதை வேறு எங்காவது வைத்தோமா என்பதுதான் கேள்வி. நாங்கள் வைக்கவில்லை.

*

வடலூர் எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. 1867-இல் வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கினார். அன்று பற்றவைத்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். பொறியாளனாகப் பார்த்தால் விறகடுப்பு ஒரு ஊதாரி. சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். நல்ல அடுப்பாக மாற்றினால் விறகு மிச்சமாகும், அதையும் செய்யலாம்தான். ஆனால் அங்கே போய் பந்தியில் உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது, அந்த அடுப்பின் பயனை யாரும் விறகை வைத்து அளப்பதில்லை. பசியோடு வந்தவர் பசியோடு திரும்பினாரா என்பதுதான் அங்கே அளவு. மேலே எழுதவேண்டிய எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டார்கள்.

என் டிரம் கணக்கில் நான் அதைத்தான் தலைகீழாகச் செய்தேன். அளக்க எது சுலபமோ அதைப் 'பயன்' என்று எழுதிக்கொண்டேன்.

அதற்காக எல்லாரும் வள்ளலார் ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மனசை மட்டும் நம்பி ஒரு ஊரின் நிலத்தடி நீரை விட முடியாது. குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில் 2016-இல் ஒரு காரியம் நடந்தது. சோலார் பம்பு வைத்திருந்த சில விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தங்கள் பேனல்களை மின்கம்பியோடு இணைத்தார்கள். இறைக்காத நேரத்தில் அந்த மின்சாரத்தை விற்கலாம். மழையும் வெள்ளமும் வாரிக்கொண்டு போக முடியாத ஒரு பயிரைப் போல வெயிலே விளைச்சலானது. மோட்டாரை நிறுத்தினால் காசு. அதாவது 'போதும்' என்பதற்கு ஒரு விலை கிடைத்தது.

காசுக்காக நிறுத்துவது நல்லதனமா என்று ஒரு நண்பன் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அத்தையின் அடிபம்புக்கு சித்தப்பாவின் மனசு தெரியாது, நீர்மட்டம்தான் தெரியும். நல்லவனாக இருப்பதற்கு ஒருவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டைச் செய்வதும் அறம்தான். ஒருவேளை அதுதான் பொறியாளர்கள் செய்யக்கூடிய அறம். ஆனால் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. தண்ணீரின் விலை மின்சாரத்தின் விலையைத் தாண்டுகிற நாளில் இந்த ஏற்பாடு தலைகீழாகும். பக்கத்து நிலத்துக்குத் தண்ணீரை விற்றால் அதிகம் கிடைக்கும் என்றால் மோட்டார் திரும்பவும் ஓடும். அப்போது கணக்கு கைவிட்டுவிடும், மனசுதான் மிஞ்சும். இரண்டும் வேண்டியிருக்கிறது.

எங்கள் பம்பு கம்பியோடு இணையாத தனிப் பம்பு. இன்றைக்கு அதற்கு அந்த வழி இல்லை.

*

போன ஐப்பசியில் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது மீட்டர் கணக்கையும் மண்ணில் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"நீதானடா கூட வர வச்ச."

"ஆமா சித்தப்பா."

"மூணுல ஒரு பங்குன்னு சொன்ன. அந்த மிச்சத்தை யாரு பேருல எழுதுறதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குப் பதில் இல்லை. அன்று என் பையில் இன்னொரு திட்டமும் இருந்தது. நிலைக்காந்தம் வைத்த மோட்டார். சுழலியில் மின்சாரம் ஓடாததால் அந்த இழப்பு இருக்காது. அதே பேனலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வரும். விலைப்பட்டியல் வரைக்கும் வாங்கி வைத்திருந்தேன். வெளியே எடுக்கவில்லை.

இந்தத் தை மாதம் சித்தப்பா திரும்பவும் மணிலா போட்டிருக்கிறார். மணிலாவின் வரவு நவரை நெல்லைவிடக் குறைவா கூடவா என்று அறுத்தால்தான் தெரியும் என்கிறார். தங்கச்சி ஃபீஸில் ஒரு தவணைக்கு நான் பணம் அனுப்பியிருக்கிறேன். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. மோட்டாரைக் குறைக்கச் சொன்னவன் அதன் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும். காலையில் முதல் அரை மணி நேரம் ஓடும் தண்ணீரிலிருந்து அத்தை குடிக்க நாலு குடம் பிடித்துக்கொள்கிறார். சித்தப்பாவின் போர் ஆழமானது, இன்னும் கரிக்கவில்லை. அடிபம்பு இப்போதும் கரிக்கிறது. அது தெளிய எத்தனை மழை வேண்டுமோ.

பொங்கலுக்குப் போயிருந்தபோது மத்தியானம் கொட்டகைப் பக்கம் போனேன். நல்ல வெயில். பேனல் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது, மோட்டார் ஓடவில்லை. நாலாயிரம் வாட்டுக்கு மேல் சும்மா போகிறது. என் கை தானாக சுவிட்சுப் பக்கம் போயிற்று. இத்தனை வருஷப் படிப்பும் உத்தியோகமும் அந்தக் கைக்குள் இருந்தது. இது வீண் என்று அது சொன்னது.

சித்தப்பா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வுடுடா. காஞ்சா போயிடும் வெயிலு?"

கையை எடுத்துக்கொண்டேன். அவர் திரும்பவும் தூங்கிப்போனார்.